பகுப்பில் பட்ட பாடு: வன்னியில் விக்கி பழக்குவோருக்கு

பாடசாலைப் பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கிய அன்று, முற்பகல் முழுக்கக் கணக்குத் திறப்பதிலேயே போய்விட்டது. ஒரே இணைய இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 புதிய கணக்குகளைத்தான் விக்கிப்பீடியா அனுமதிக்கும். பாடசாலைக் கணினி அறையில் ஏழாவது பிள்ளையோடு எல்லாம் நின்றுபோனது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பயிற்சி வைக்கிறவர்கள், முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்குத் திறந்து வரச் சொல்லுங்கள்.

கட்டுரை எழுதுவதைப் பிள்ளைகள் சுகமாகப் பிடித்துக்கொண்டார்கள். இடறியது பகுப்பில்தான், அதாவது ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றாகப் பட்டியலிடும் தலைப்பில். பெயரைப் பார்த்து வவுனிக்குளத்தை வவுனியா மாவட்டத்தில் போட்டுவிட்டார்கள். குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில். கிளிநொச்சி ஊர்களுக்கு வன்னித் தேர்தல் மாவட்டப் பகுப்பும் பொருந்தாது. அதற்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். 'மாவட்டப் பாடசாலைகள்' என்பதில் 'ப்' விட்டால் மென்பொருளுக்கு அது வேறொரு பகுப்பு. பக்கத்தின் அடியில் சிவப்பு இணைப்பாக நிற்கும், சரியான பகுப்பில் தேடுகிறவர் கண்ணில் அந்தக் கட்டுரை படவே படாது. தேடல் பெட்டியில் 'பகுப்பு:' என்று தொடங்கி, ஏற்கெனவே உள்ள பெயரை அப்படியே எடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. மாவட்டப் பாடசாலைகள் பகுப்பில் சேர்த்த பிறகு, அதன் தாய்ப் பகுப்பான இலங்கைப் பாடசாலைகளிலும் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் சங்கடமானது பயனர் பக்கம், அதாவது கணக்கு வைத்திருப்பவர் தன்னைப் பற்றி எழுதும் பக்கம். கவிதை எழுதும் பிள்ளை ஒருவர் தன் பயனர் பக்கத்தில் [[பகுப்பு:ஈழத்து எழுத்தாளர்கள்]] என்று இட்டார். உடனே எழுத்தாளர் பட்டியலில் அவரும் ஏறிவிட்டார்! தற்புகழ்ச்சி என்று எச்சரிக்கை வந்தது. அந்தப் பிள்ளை நினைத்தது ஓர் இணைப்புக் கொடுக்க மட்டுமே. [[:பகுப்பு:ஈழத்து எழுத்தாளர்கள்]] என்று முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் இணைப்பு மட்டும் வரும், பக்கம் பகுப்புக்குள் போகாது. மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கத்தில்) எழுதும் வரைவுகளுக்கும் இதுவே விதி.

பாடசாலைக் கட்டுரை ஒன்று விளம்பரமென்று அன்றே நீக்கப்பட்டது. 'புகழ்பூத்த', 'ஈடிணையற்ற', 'அயராது உழைக்கும் அதிபர்' என்று வரிக்கு வரி அடைமொழி. சான்றாக இருந்ததோ அதே பாடசாலையின் பரிசளிப்பு விழா மலர். தன்னைப் பற்றித் தானே வெளியிட்ட மலர் சுயாதீனச் சான்று ஆகாது. இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த ஊர்களுக்கு இது பெரிய பாரம்தான், மறுக்கவில்லை. 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் பிரதேச மலர்களும் ஸ்கேன் செய்த படிகளாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். சொந்தப் பாடசாலை, உறவினர், தன் நிறுவனம் பற்றியதென்றால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் உங்கள் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களை எழுதக் கேளுங்கள். சம்பளத்துக்கு எழுதுவதென்றால் யார் தருகிறார் என்று அறிவிப்பது கட்டாயம்.

நீக்கியது அடியோடு அழிவதில்லை. பதிப்புரிமை மீறல் இல்லையென்றால், நிர்வாகி ஒருவரிடம் கேட்டுப் பயனர்வெளிக்கு (உங்கள் பயனர் பக்கத்தின் கீழ்) மீட்டெடுக்கலாம். அப்படித்தான் அந்தக் கட்டுரையும் திரும்பி வந்தது. அடைமொழிகள் போய், இரண்டு பத்திரிகைச் சான்றுகளோடு ஐந்து வரி. இன்னும் நிற்கிறது.