எழுத்து மங்கிப்போன டிக்கெட்டுகள்

நேற்று மகளிர் நீதிமன்றத்தில் வாய்தா. காலை ஒன்பதரைக்கே போய் வராந்தாவின் கடைசி பெஞ்சில், வழக்கில் நான் துணைக்கு நிற்கும் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டேன். மாடிப்படி பக்கம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவளைச் சுவரோரம் தள்ளி உட்காரவைத்து, இந்தப் பக்கம் நான் மறைத்துக்கொண்டேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். மூன்று மணிக்கு கோர்ட் ஏட்டு வந்து, "இன்னிக்கு எடுக்கலைம்மா" என்றார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த தடவையும் நீங்கதானேக்கா வருவீங்க?"

அவள் ஊரையும் வயதையும் எழுதமாட்டேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன்.

நான் சப்போர்ட் பர்சன். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், குழந்தைகள் நலக் குழு எங்களை வழக்குக்கு நியமிக்கும். ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசுவது, இழப்பீட்டு மனு, சாட்சி சொல்லும் நாள் என்று எல்லாவற்றுக்கும் கூடவே நிற்க வேண்டும். பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், வழக்கைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 35ஆவது பிரிவு. இவள் வழக்குக்கு இது மூன்றாவது வருஷம். எனக்குச் சம்பளம் மாதக் கணக்கில் இல்லை, ஒரு வழக்குக்கு இவ்வளவு என்றுதான். வழக்கு இழுக்க இழுக்க, அதே தொகைக்குள் வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

2023 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் எங்களைப் பற்றித் தெளிவாகவே சொன்னது. வேலை பார்க்கும் காலம் முழுக்க, எங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் தக்க ஊதியம் கொடுக்க வேண்டும்; அதே தகுதியோடு அரசு வேலையில் இருப்பவர்கள் வாங்கும் சம்பளத்தை மனதில் வைத்து அதை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

பயணச் செலவுக்கென்று ஒரு நோட்டு உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, சரி. ஆனால் கோர்ட் இருப்பது மாவட்டத் தலைநகரில். வெளியூர் பஸ்ஸில்தான் போக வேண்டும். எதிரி வீட்டு ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஆட்டோ. டிக்கெட்டுகளைத் தேதி வாரியாக ஒட்டிவைப்பேன். மெஷின் டிக்கெட், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். எட்டு மாதம் கழித்து ஆபீஸில் என் பில்லை எடுத்துப் பார்த்தவர், "ஒண்ணுமே தெரியலையே, எப்படிப் பாஸ் பண்றது?" என்றார். வெள்ளைத்தாளாக மாறிப்போன பதினேழு டிக்கெட்டுகள். அவை ஒட்டிய நாளில் தெளிவாகத்தான் இருந்தன.

இந்தப் பிள்ளை எனக்கு முன்னால் இன்னொரு அக்காவிடம் இருந்தாள். அந்த அக்கா நன்றாக வேலை பார்த்தவர். வீட்டு வாடகை கட்ட முடியாமல் தனியார் கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய நான்கு வழக்குகளும் என்னிடம் வந்தன. சாட்சி சொல்லப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப கோர்ட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் முதல் தடவை வீட்டுக்குப் போன அன்று, நான் கேட்காமலே, அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். புது ஆள் வந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். மாதச் சம்பளம் ஒன்று, அந்தந்த மாதமே பயணப்படி ஒன்று. நோட்டையும் கையோடு எடுத்துப் போகிறேன். அடுத்த வாய்தா 23ஆம் தேதி, நான்தான் வருவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.