லட்சத்தீவு பெர்மிட்: பெங்களூரில் வாடகை வீட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

பெங்களூரில் ஆஃபர் வந்ததும் முதலில் விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். கோவாவுக்கு அது சரி. லட்சத்தீவுக்கு வரிசையே வேறு: அங்கே தங்க இடம் கொடுப்பவரின் கடிதம், குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று (பிசிசி), பெர்மிட், கடைசியில் டிக்கெட். 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியர் சுற்றுலா போவதானாலும் அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும். செக்-இன் கவுன்டரிலேயே பெர்மிட்டைக் கேட்பார்கள்.

36 தீவுகளில் மக்கள் வசிப்பவை பத்து. கூட்டம் அகத்தியோடும் பங்காரத்தோடும் நின்றுவிடும். எங்கள் தேர்வு கடமத் தீவு. சுமார் 9 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே அரைக் கிலோமீட்டர் சொச்சம்தான். தங்குமிடக்காரர் ஒரே போனில் ஒப்புக்கொண்டு கடிதத்தையும் அனுப்பிவிட்டார். சுலபமாக நடந்தது அது ஒன்றுதான்.

பிசிசியில்தான் உயிர் போனது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் வாங்கும் பிசிசி வெளிநாடு போகிறவர்களுக்கானது. அதில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இதற்கு வேண்டியது மாநிலப் போலீஸ் தரும் சான்று, கர்நாடகாவில் சேவா சிந்து என்ற மாநில அரசுத் தளம் வழியாக. விண்ணப்பத்தில் நோக்கம் கேட்கும் இடத்தில் லட்சத்தீவுப் பயணம் என்றே எழுதுங்கள். வேலைக்கு என்று போட்டால் சான்றிலும் அப்படியே அச்சாகி வரும், அது இங்கே செல்லாது.

காவல் நிலைய எழுத்தர் விண்ணப்பத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாடு?" லட்சத்தீவு என்றால், "அது இந்தியாதானே, அதுக்கெதுக்கு பிசிசி? போய்ட்டு வாங்க சார்." நல்ல மனுஷன்தான், ஆனால் காகிதம் நகரவில்லை. பெர்மிட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் தளத்தில் தேவையான ஆவணங்களைச் சொல்லும் பக்கத்தையும் தங்குமிடக்காரரின் கடிதத்தையும் பிரின்ட் எடுத்து விண்ணப்பத்தின் மேலேயே பின் அடித்துக் கொடுத்தபிறகுதான் ஃபைல் மேஜை மாறியது. போனில் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை, தாளாக இருக்க வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை முகவரி. நம்மில் பாதிப் பேருக்கு ஆதாரில் இருப்பது திருப்பத்தூரோ திருநெல்வேலியோ, குடியிருப்பது பெங்களூர் மடிவாளாவில். ஆதார் முகவரியை வைத்து ஊரிலேயே தமிழ்நாடு போலீஸ் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் விசாரணைக்கு நாம் ஊரில் இருக்க வேண்டும். பெங்களூரிலேயே வாங்குவதென்றால் வாடகை ஒப்பந்தம் உயிரோடு இருக்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடிந்து, "அதே வாடகைதானே, இருங்க" என்று ஓனர் வாட்ஸ்அப்பில் சொன்னது நிலையத்தில் செல்லாது. இ-ஸ்டாம்ப் தாளில் நடப்புத் தேதியோடு புதிதாகப் போடுங்கள். போலீஸ் என்றதும் ஓனர் பதறுவார். விசாரணைக்கு வருகிற கான்ஸ்டபிள் அவருக்குப் போன் செய்யக்கூடும் என்பதை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். இல்லையென்றால் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொல்லும் ஒரு வரியில் ஃபைல் திரும்பிவிடும்.

பெர்மிட் தளத்தில் வதைப்பது நம் இனிஷியல். ஆதாரில் செந்தில்குமார் ஆர் என்று இருக்கும், பிசிசியில் அப்பா பெயரை முழுதாக விரித்திருப்பார்கள், டிக்கெட்டில் குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால் செந்தில்குமார் இரண்டு முறை வந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கவுன்டரில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். பிசிசி வேறு மாதிரி வந்தால் கையில் வாங்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணமும் பாரம்பரியக் கட்டணமும் (ஹெரிடேஜ் ஃபீ) சேர்ந்து தலைக்குச் சில நூறு ரூபாய்தான். "பெர்மிட்டுக்கு மட்டும்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் கேட்பது தன் கூலியை.

அப்படி ஓர் ஏஜென்ட் மூலம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு வந்த பெர்மிட்டில் தேதி சரி, பெயர் சரி, தீவு என்ற வரியில் அகத்தி மட்டும். அறை இருந்தது கடமத்தில். கேட்டால், "அங்க போய்ப் பாத்துக்கலாம்." பெர்மிட் தீவு வாரியானது, பாத்துக்கவெல்லாம் முடியாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. அகத்தியில் இறங்கிப் படகில் இன்னொரு தீவுக்குப் போவதானால் இரண்டு பெயரையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். தேதியையும் தங்கும் நாட்களைவிட ஒன்றிரண்டு நாள் கூட்டியே கேளுங்கள். அகத்தி ஓடுதளம் 1,200 மீட்டர் அளவுதான், வருவது சின்ன ஏடிஆர் ரக விமானம். வானிலை கெட்டால் அன்றைக்கு விமானம் இல்லை. பெர்மிட் அன்றோடு முடிந்திருந்தால் அது தனித் தலைவலி.

கப்பல் கொச்சி வெல்லிங்டன் தீவிலிருந்து. தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். பெங்களூரிலிருந்து இரவு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் எர்ணாகுளம் டவுன். ஆனால் கப்பல் அட்டவணை தாமதமாக வெளியாகும், சீட்டில் தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை. நியாயம்தான், ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆகவே கப்பலை நம்பி ஆபீஸில் லீவு சொல்லாதீர்கள். பல தீவுகளில் கப்பல் பவளப்பாறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற சின்னப் படகுக்கு மாற வேண்டும். சூட்கேஸ் வேண்டாம், முதுகுப் பையாக இருக்கட்டும். வயதானவர்களை அழைத்துப்போவதானால் விமானமே மேல். மழைக்காலம் இதற்கெல்லாம் தோதல்ல.

இறங்கியதும் காவல் நிலையத்தில் பெர்மிட் நகலைக் கொடுக்க வேண்டும். நகல்களைப் பெங்களூரிலேயே நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். காய்கறி கப்பலில் வருவது. சைவக்காரர்கள் தங்குமிடத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்னாலும் சோறும் தேங்காயும்தான் நிச்சயம். மதுவுக்குப் பங்காரம் தவிர எங்கும் தடை. பையில் ஒரு பாட்டில்கூட வேண்டாம்.

திரும்பும்போது பையை ஸ்கேன் செய்வார்கள். பவளத் துண்டு இருந்தால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், கரையில் கிடந்தது என்பதெல்லாம் எடுபடாது. பிள்ளைகளின் சட்டைப் பையை நீங்களே முதலில் துழாவிவிடுங்கள். கொச்சியில் இறங்கும் அன்றைக்கே இரவு ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டாம், மறுநாளைக்குப் போடுங்கள். விமானம் தள்ளிப்போனால் தட்காலில் பெங்களூருக்குச் சீட்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கிடைக்கவே கிடைக்காது.