மச்சானின் லோட்டஸ் கணக்கு

என் மனைவியின் அண்ணனுக்கு ரேஸ் கார் வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் ஊரில் வாங்கிய வீட்டுக்குக் கடன் பாக்கி இருக்கிறது, பெரியவனுக்கு யுனிவர்சிட்டி ஃபீஸ் கட்ட வேண்டும். இருந்தாலும் வேண்டும். அதிலும் லோட்டஸ் செவன்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: லோட்டஸ் செவன் என்பது காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த வண்டி. கூரை என்ற பெயரில் ஒரு துணி, முன்னால் நீண்ட மூக்கு, உட்கார இரண்டு பள்ளம், மொத்த எடை அரை டன் பக்கம். ஓட்டிக்கொண்டே போய் ரேஸில் கலந்துகொண்டு, அதே வண்டியில் வீடு திரும்பலாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புதுக் காருக்கு விற்பனை வரி கடுமை. பாகங்களாக வாங்கி நாமே பூட்டினால் அந்த வரி கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. மச்சான் இந்தக் கதையை விருந்தாளிகள் எல்லோருக்கும் சொல்வார். சாப்மன் ஏதோ எங்கள் சொந்தக்காரர் மாதிரி ஒரு பெருமை முகத்தில் தெரியும்.

1973-ல் இந்த வண்டியின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் இன்றும் அதைச் செய்து விற்கிறது. அவர்களுடைய விலைப்பட்டியலைப் பார்த்த மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை குறையவில்லை.

அப்புறம்தான் லோகாஸ்ட், அதாவது குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டுகிற செவன் மாதிரிக் கார். ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் 1996-ல் ஒரு புத்தகம் போட்டார். 250 பவுண்டில் இதே மாதிரி ஒரு காரை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று. பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் உருவிக்கொண்டு, ஓர் அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து மாட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த எஸ்கார்ட்டுக்கு இப்போது பல ஆயிரம் பவுண்டு கேட்கிறார்கள். பாதி துருவுக்குப் போனது, மீதி ராலிக்காரர்களிடமும் சேகரிப்பவர்களிடமும் இருக்கிறது. அதனால் இப்போது பலரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற துணிக்கூரைக் காரைத்தான் வெட்டுகிறார்கள். அதற்குக் கதவுக்குக் கீழே இருக்கும் சட்டம் துருப்பிடித்து எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனையில் தோற்பது வாடிக்கை. எஞ்சின் மட்டும் கல் மாதிரி இருக்கும். மச்சானும் அப்படி ஒன்றைப் பிடித்தார்.

அன்றைக்கே ஒரு நோட்டும் போட்டார். முதல் பக்கத்தில் 'கார்: வரவு செலவு'. வண்டி விலை செலவில் ஏறியது. கதவு, சீட், டிக்கி மூடி, கூரைத் துணி எல்லாம் ஒவ்வொன்றாக விற்று வரவில் ஏறியது. "பாத்தீங்களா மாப்ள, எஞ்சின் சும்மா வந்திருக்கு" என்றார். எனக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு வெல்டிங் மெஷின் வந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது, முகமூடி, கிரைண்டர், எஞ்சின் தூக்கும் கிரேன் எல்லாம் வந்தன. நோட்டை எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"அதெல்லாம் கருவி மாப்ள. கார் முடிஞ்சாலும் நம்மகிட்டத்தானே இருக்கும்? அதைப் போய் கார் கணக்குல எழுதலாமா?"

கடைசிப் பக்கத்தில் 'கருவிகள்' என்று தனித் தலைப்பு இருந்தது. கராஜ் குளிருக்கு வாங்கிய ஹீட்டர் அங்கே இருந்தது. டீ போட வாங்கிய கெட்டிலும் இருந்தது.

சட்டம் அடிக்கிற வேலையில் எனக்குக் கிடைத்த பதவி, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது. தரையில் மட்டமான ஒரு பலகை போட்டு, குழாய்களை அதில் அடுக்கி, மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். வந்தால் ஒரு பொட்டு வெல்டு. உடனே மறுபடி அளவு. ஒரே பக்கமாக வெல்டு அடித்துக்கொண்டே போனால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும் என்பதால் இங்கே ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று தாவிக்கொண்டே இருப்பார். நான் டேப்போடு பின்னால் தவழ்வேன். ஜனவரிக் குளிரில் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டுப் பாருங்கள், ரேஸ் கார் ஆசை யாருக்கும் வராது.

சட்டம் நின்ற அன்று, உள்ளே ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை. ஸ்டியரிங் இடத்தில் கையில் ஒரு துடைப்பக் கட்டை. "டுர்ர்ர்" என்று கியர் மாற்றிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். லோகாஸ்ட் செய்பவர்கள் எல்லோருமே இதைச் செய்வார்களாம், கேள்விப்பட்டிருக்கிறேன். காபி கொண்டுவந்த அக்கா, அதாவது அவர் மனைவி, வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காபியை என்னிடம் கொடுத்து, "திரும்பி வந்ததும் குடுங்க" என்று போய்விட்டார்.

தஞ்சாவூரிலிருந்து அத்தை வந்தபோதுதான் ஃப்ரீசர் விவகாரம். பின் சக்கர பேரிங்கை அதன் கூட்டுக்குள் இறுக்கமாக அழுத்த வேண்டும். முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைத்தால் இரும்பு மயிரிழை அளவு சுருங்கி, உள்ளே போவது சுலபம். மச்சான் அதை பாலித்தீனில் சுற்றி, தேங்காய்த் துருவல் பக்கத்தில் வைத்திருந்தார். அத்தை காலையில் அதை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார்.

"ஏண்டா, இது என்ன கறி? இவ்வளவு நேரமாகியும் விறைப்பு விடமாட்டேங்குது?"

மச்சான் பாத்திரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். புது பேரிங் ஒன்று முதல் பக்கத்தில் செலவாக ஏறியது. அந்தத் தொகையை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினார்.

வண்டி முடிந்தால் உடனே ரோட்டில் இறக்க முடியாது. ஐவிஏ என்று ஒரு அரசுப் பரிசோதனை உண்டு. சத்தம் 99 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வர வேண்டும். இதெல்லாம் நியாயம். மச்சானின் தூக்கத்தைக் கெடுத்தது கூர்முனை விதிதான். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை வண்டிமேல் உருட்டினால் அது தொடும் எந்த முனைக்கும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு இருக்க வேண்டும். செவனோ நட்டும் போல்ட்டும் வெளியே தெரிகிற வண்டி. அதனால் ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஒவ்வொரு விளிம்புக்கும் ரப்பர் பட்டை. குழந்தைகளின் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வண்டிமேல் உருட்டிக்கொண்டிருந்தார். பரிசோதகர் குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்தார். பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். கால் வைக்கிற இடம் அவ்வளவு குறுகல், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடிந்தது. தொப்பையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் போனது! எடை இல்லாத வண்டியில் அந்த மாஸ்டா எஞ்சின் இழுத்த இழுப்பில் ரவுண்டானாவைச் சுற்றி வந்தபோது நானும் "டுர்ர்ர்" என்றுதான் கத்தியிருக்கிறேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் துணியைத்தான் விற்று வரவு வைத்திருந்தாரே.

சாயங்காலம் நட்டுத் தொப்பிகளை எல்லாம் கழற்றினார். அடுத்து பரிசோதனைக்குப் போகவிருந்த ஒருவருக்குப் பாதி விலைக்குப் பேசி முடித்து, நோட்டில் வரவாக எழுதிக் கூட்டினார். "ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சிட்டேன் மாப்ள!"

அக்கா நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கெட்டிலுக்கு அடுத்த வரியில் நிதானமாக எழுதினார்: தங்க வளையல், ஒரு ஜோடி.

"இது எப்படிடீ கருவி?"

"கார் முடிஞ்சாலும் நம்மகிட்டத்தானே இருக்கும்?"