உருக்கமாக இருந்தது, சரி, எந்தப் பக்கத்தில்?

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் ஒப்படைப்பு கொடுத்தார்கள். ஒரு தன்வரலாறும் இரண்டு மூன்று நகைச்சுவைச் சிறுகதைகளும் படித்து, வாசிப்பு அனுபவத்தைப் பத்துப் பக்கம் எழுத வேண்டும். இருபது மதிப்பெண். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', புதுமைப்பித்தன் கதைகள் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை கிடைத்தது ஒன்பது. 'நெஞ்சை உருக்கியது' என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தேன். நான்கின் ஓரத்திலும் ஐயா சிவப்பு மையில் 'எந்தப் பக்கத்தில்?' என்று எழுதியிருந்தார். திருத்தி எழுத இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது.

'என் சரித்திரம்' தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது; 122 அத்தியாயங்களும் சின்னச் சின்னதுதான். ஒரு நாளைக்கு நான்கு என்றால் ஒரு மாதத்தில் முடியும். பென்சிலோடு உட்காருங்கள். எங்கே நின்றீர்களோ அங்கே ஒரு கோடு, ஏன் என்று பக்கத்தில் இரண்டு சொல், போதும்.

நான் நின்ற இடம் 1880-இல் கும்பகோணம். உ.வே.சா.வுக்கு வயது 25, கல்லூரி வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் அசையவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! முதல் தடவை இதை 'விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு' என்று முடித்துவிட்டேன். இரண்டாம் தடவை, பள்ளியில் முதலிடம் வாங்கிக் கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் 'உரையாசிரியர்கள் யாரைத் தெரியும்?' என்ற கேள்விக்கு நான் விழித்ததை எழுதினேன். அப்புறம்தான் உ.வே.சா. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருந்தாலும் அவர் என்ன செய்தார் பாருங்கள்: ஏட்டைத் தேடி, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டு, 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டுவிட்டார். நான் இன்னும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிடிக்காததையும் எழுதலாம். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுவந்தவர், தமிழ் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். எனக்கு ஆறவில்லை. அரைப்பக்கம் சண்டை போட்டேன். அந்த அரைப்பக்கத்துக்குத்தான் ஐயா 'நன்று' போட்டார்.

நகைச்சுவைதான் கஷ்டம். 'விழுந்து விழுந்து சிரித்தேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு உதடு கூட அசையாது. நான் செய்தது இது: சிரிப்பு வந்த வாக்கியத்தை எடுத்துச் சப்பையாகத் திருப்பி எழுதினேன். எந்தச் சொல் போனதும் சிரிப்பும் போகிறதோ அங்கேதான் சூட்சுமம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடக்கத்தில் பிள்ளை சென்னை பிராட்வே முனையில் நின்று தீவிரமாகச் சிந்திக்கிறார். விஷயம் டிராம் வண்டியா, பஸ்ஸா; மிச்சமாகும் காசில் வெற்றிலையா, அரை கப் காப்பியா. கண்டக்டரை ஏமாற்றுவது தர்மமா என்ற விசாரம் வேறு. 'அவரிடம் காசு குறைவு' என்று மாற்றினேன், கதை செத்துப்போனது. காலணாக் கணக்குக்கு வேதாந்தக் குரல் கொடுத்ததுதான் சிரிப்பு. அதே மனுஷர் கொஞ்ச நேரத்தில் கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டச் சொல்லும்போது எனக்குத் துளியும் ஆச்சரியம் வரவில்லை. புதுமைப்பித்தனின் இன்னொரு கதையான 'ஒரு நாள் கழிந்தது' படித்தபோது சிரிப்பு பாதியில் தொண்டையில் நின்றது. எந்த வரியில் நின்றது என்பதை மட்டும் குறித்தேன், விளக்கவில்லை.

இரண்டாம் தடவை பதினேழு. ஒரு மதிப்பெண் கையெழுத்துக்குப் போயிற்று. மற்ற இரண்டும் எங்கே போயின என்று கேட்கப் போனேன். 'எந்தப் பக்கத்தில் என்று கண்டுபிடி' என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.