டம்மி லோடு டின்னுக்கு எந்த எண்ணெய்?

டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டன்ஸ்தான் டம்மி லோடு. சூடு தணிய அதை எண்ணெய் டின்னுக்குள் வைப்பார்கள். அதற்கு என்ன எண்ணெய் ஊற்றலாம் என்று எந்த ஹாமைக் (பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவரை) கேட்டாலும் முதலில் வரும் பதில் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில். ஏன் என்று கேட்டால், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பார்கள். சரிதான். ஆனால் நம் டின்னுக்குள் அந்தத் தகுதிக்குப் பெரிய வேலை இல்லை. 100 வாட் ரிக்கை (டிரான்ஸ்மிட்டர் செட்டை) 50 ஓம் லோடில் இணைத்தால், ரெசிஸ்டர்களின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 71 வோல்ட், உச்சத்தில் 100 வோல்ட் வரும். ஒரு கிலோவாட் கொடுத்தாலும் 224 வோல்ட்தான். புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலையோ, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் 30,000 வோல்ட் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். 71 வோல்ட்டைச் சமையல் எண்ணெயே தாங்கிவிடும்.

அதனால் நான் கேட்ட கேள்விகள் வேறு. ரெசிஸ்டரிலிருந்து சூட்டை எவ்வளவு சுறுசுறுப்பாக எடுத்துக்கொண்டு போகும்? ஐந்து வருடம் டின்னிலேயே கிடந்தால் என்ன ஆகும்? ஒழுகினால், வீட்டில் யார் கையில் பட்டாலும் பரவாயில்லையா?

ஹாம் ரேடியோ பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டன்ஸ்தான் டம்மி லோடு. டம்மி லோடு மாட்டினால் சிக்னல் வெளியே போகாது, முழுக்கச் சூடாக மாறிவிடும். காலையில் 40 மீட்டர் பேண்டில் நாலு பேர் நெட் (ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) நடத்திக்கொண்டிருக்கும்போது, நடுவில் கேரியர் (பேச்சில்லாத வெறும் ரேடியோ அலை) போட்டு ரிக்கைச் சோதிப்பது அவர்களுக்குச் செய்யும் தொல்லை. டம்மி லோடு இருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஹீத்கிட் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ‘கேன்டெனா’தான் எண்ணெய் டின் லோடுகளில் புகழ்பெற்றது. ஒரு கேலன் பெயிண்ட் டின், உள்ளே ஒரு பெரிய ரெசிஸ்டர். எண்ணெயை வாங்குபவரே பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும்.

என்னுடையதும் பெயிண்ட் டின்தான், 4 லிட்டர் எனாமல் பெயிண்ட் வந்தது. வட்டமாக வெட்டிய இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவில் 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இருபது. எல்லாம் பேரலலாக இருப்பதால் 50 ஓம். வெள்ளைச் செங்கல் மாதிரி கிடைக்கும் பெரிய வாட்டேஜ் ரெசிஸ்டர்களை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள்ளே இருப்பது கம்பிச் சுருள். ஆர்.எஃப்-க்கு, அதாவது ரேடியோ அலைவரிசை மின்சாரத்துக்கு, அது காயிலாகவே தெரியும்.

இப்போது சூட்டின் கணக்கு. ஒரு லிட்டர் மினரல் ஆயிலை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.65 கிலோஜூல் வேண்டும். என் டின்னில் மூன்றேகால் லிட்டர், ஆக டிகிரிக்கு 5.4 கிலோஜூல். 100 வாட் என்பது நிமிடத்துக்கு 6 கிலோஜூல். அதாவது விடாமல் கேரியர் கொடுத்தாலும் மொத்த எண்ணெயும் நிமிடத்துக்கு ஒரு டிகிரி சொச்சம்தான் ஏறும். டின்னைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொரு 2 வாட் ரெசிஸ்டரும் 5 வாட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. ரெசிஸ்டர் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் சூடாகி, மேலே எழும்பி, குளிர்ந்த எண்ணெய் அந்த இடத்துக்கு வந்தால்தான் அது பிழைக்கும். டின்னின் சூடு ரெசிஸ்டரின் சூட்டைச் சொல்லாது. அதனால் எண்ணெய் எவ்வளவு நீர்த்து ஓடுகிறது என்பதுதான் எனக்கு முதல் தகுதி.

இந்த இடத்தில் விளக்கெண்ணெய் அடிபட்டுப் போகிறது. மின்துறையில் அதற்கு நல்ல பெயர் உண்டு, பல்ஸ் கெபாசிட்டர்களில் அதை ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் 20 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 1000 மில்லிபாஸ்கல் செகண்டு அளவில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் சுமார் 20தான். அவ்வளவு கெட்டியானது ரெசிஸ்டரைச் சுற்றி நகரவே யோசிக்கும்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றும் ஓடும், சூட்டையும் எடுக்கும். ஆனால் சூடும் காற்றும் சேர்ந்து பட்டால் மெதுவாகச் சிக்கு வாடை பிடித்து, பிறகு பிசினாகும். எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழுப்புப் படலம் அதுதான். அது ரெசிஸ்டர் மேல் படிந்தால் சூடு வெளியேற வழி அடைபடும். அவசரத்துக்கு ஒரு மாதம் ஊற்றலாம், நிரந்தரமாக வைக்கும் லோடுக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட எவ்வளவோ மேல், லேசில் கெடாது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதை டிரான்ஸ்ஃபார்மருக்கே பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கும் அதன் மேல் ஆசை இருந்தது. ஆனால் நான் இருப்பது கோவையில். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், மார்கழிக் காலையில் டின் முழுக்க வெள்ளைக் கட்டியாக இருக்கும். அப்படி இருக்கும்போது கேரியர் கொடுத்தால் ரெசிஸ்டரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் உருகும், அந்தச் சின்னக் குழிக்குள்ளேயே சூடு அடைபட்டுக் கிடக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில். இதைத் தேடி ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் நல்ல மனிதர். “நாலு லிட்டருக்கு எதுக்குங்க காசு? பழசு பேரல்ல கெடக்குது, எடுத்துக்கங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றேன். இதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு காலத்தில் தீப்பிடிக்காது என்பதற்காகச் சில டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கெபாசிட்டர்களிலும் பி.சி.பி. என்ற பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் திரவத்தை ஊற்றினார்கள். அது புற்றுநோய் உண்டாக்குவது. உடலின் கொழுப்பில் தங்கும், மண்ணில் லேசில் அழியாது. அமெரிக்கா அதன் உற்பத்தியை 1979-இல் தடை செய்தது. 2001-இன் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. இந்தியா 2016-இல் தனி ஆணை போட்டது. என் டிரான்ஸ்ஃபார்மரில் அது இல்லையே என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஃபில்டர் மெஷினில் பல டிரான்ஸ்ஃபார்மர்களின் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொள்ளும். கலந்திருப்பதைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. சூட்டில் அது இன்னும் மோசமான நச்சுகளாக மாறலாம். ஒரு டம்மி லோடுக்காக அந்த ஆபத்தை யாரும் எடுக்க வேண்டியதில்லை.

ஐ.எஸ். 335 என்ற இந்தியத் தரம் போட்ட புது ஆயில், சீல் உடைக்காத கேனில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். நன்றாக ஓடும், தீப்பற்று நிலையும் 135 டிகிரிக்குக் குறையாது. எனக்குச் சின்ன அளவில் கிடைக்கவில்லை.

கடைசியில் நான் ஊற்றியது லைட் லிக்விட் பாரஃபின். கெமிக்கல் கடைகளில் கேனில் கிடைக்கும், அழகுசாதனப் பொருட்கள் செய்பவர்கள் வாங்குவது. இதுவும் மினரல் ஆயில்தான், நன்றாகச் சுத்திகரித்தது. நிறமில்லை, வாடையில்லை, கெட்டுப்போவதும் அரிது. வாங்கும்போது ‘லைட்’ என்று கேட்டு வாங்குங்கள். லைட் வகையின் பாகுத்தன்மை 25-இலிருந்து 80 வரை, சாதா லிக்விட் பாரஃபின் 110-க்கு மேல் போகும். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கெட்டி வகைதான்.

டின்னை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூன்றேகால் லிட்டர் எண்ணெய் 60 டிகிரி ஏறினால் சுமார் 150 மில்லி பெருகும். மூடியில் ஒரு சின்னத் துளை போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் மூடி தூக்கிக்கொள்ளும். வெளியே எடுத்துப் போகும்போது ஒரு ஸ்க்ரூ போட்டு அடைத்துவிட்டு, வந்ததும் கழற்ற வேண்டும். கனெக்டருக்கு அடியில் சாதா ரப்பர் வாஷர் வேண்டாம், மினரல் ஆயிலில் ஊறி உப்பிவிடும். கார்க் அல்லது நைட்ரைல் போடுங்கள்.

100 வாட்டில் இரண்டு நிமிடம் கொடுத்து ஐந்து நிமிடம் ஓய்வு விடுகிறேன். 7 மெகாஹெர்ட்ஸிலும் 14-லும் எஸ்.டபிள்யூ.ஆர். (லோடு எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு) ஊசி அசையவே இல்லை. இரண்டு மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ், வி.எச்.எஃப்.) பேண்டில் கொஞ்சம் ஏறுகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்ததும் கெபாசிட்டன்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும், ரெசிஸ்டர் கால்களின் இண்டக்டன்ஸும் அங்கே தலைகாட்டும். அதனால் வி.எச்.எஃப். கையடக்க செட்டுக்கு எண்ணெய் இல்லாத சின்ன லோடு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். 5 வாட்டுக்கு அது போதும்.