தக்காளி முடியட்டும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு செய்தி போட்டிருந்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றுகிற சிகிச்சை, ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது, 2023-இல் அனுமதியும் கிடைத்துவிட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். எனக்கு என்னவோ பெரியம்மா ஞாபகம்தான் வந்தது.

பாலக்கோடு பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பித்ததை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தக்காளிக்கு நல்ல விலை, பறிப்பு முடியட்டும் என்றே தள்ளிக்கொண்டு போனார். கடைசியில் போய்ப் பார்த்த டாக்டரும் உள்ளே பரிசோதிக்காமல் உடம்புச் சூடு என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து, சென்னைக்கு அழைத்துப்போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து, வாரம் ஒரு கீமோ ஏற்றி, இரண்டு வருஷம் இருந்தார்.

இப்போது அந்தக் கரண்டுக்கு முன்னால் ஆறு வாரம், வாரம் ஒருமுறை, கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் என்று இரண்டு பழைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். புது மருந்துகூட இல்லை, கொடுக்கிற வரிசைதான் புதிது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. இந்த நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே தடம் காட்டிவிடும். இதற்குக் காரணம் எச்பிவி என்கிற வைரஸ், அதைக் கண்டு சொன்ன ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் கொடுத்தார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது காடியில் இருக்கிற அதே அமிலம், தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்துச் சிகிச்சைக்கு அனுப்பியதில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான ஆய்வு அது. இப்போது அந்த வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கிற எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை வந்திருக்கிறது. சின்ன பிரஷ் மாதிரி ஒன்றைக் கொடுத்தால் பெண்ணே தனியறைக்குப் போய் மாதிரி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. ஆய்வகத்துக்காரர்களுக்கு இது சின்ன வசதியாகத் தெரியலாம், எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும். பெரியம்மா எட்டு மாதம் வாய் திறக்காததற்குத் தக்காளி பாதிக் காரணம்தான், மீதி வெட்கம்.

தடுப்பூசியும் இருக்கிறது. புனேயில் தயாராகும் செர்வாவாக் வந்த பிறகு விலை இறங்கியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையே போதுமான பாதுகாப்பு தரும் என்று சொன்னது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுத் தவணையும் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லையாம். என் மகளுக்கு 11 வயதில் போட்டேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பெரியம்மா மகளுக்கு இப்போது 42 வயது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பரிசோதனை செய்துகொள் அக்கா என்று போனில் சொன்னேன். "இந்தத் தக்காளி முடியட்டும்டி, பாக்கலாம்" என்கிறாள். புதன்கிழமை நானே வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன்.