கெயிட்டி இருந்த இடம்

ரிச்சி தெருவுக்குச் சார்ஜர் வாங்கப் போகிறவர்களில் பலர் பக்கத்து பிளாக்கர்ஸ் சாலையிலும் நடந்திருப்பார்கள். கேசினோ தியேட்டர் இருக்கும் அதே சாலையில்தான் கெயிட்டியும் இருந்தது. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டியது. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அதுதான்.

வெங்கையா மசூலிப்பட்டினத்துக்காரர், சென்னையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். குரோனோமெகாபோன் என்று ஒரு கருவி, படம் ஓடும்போதே கிராமபோன் தட்டும் கூடவே சுழன்று பாடும். அதை வரவழைத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்டினார், அப்புறம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பர்மா, இலங்கை வரை போய்விட்டு வந்துதான் கெயிட்டியைக் கட்டினார். மின்ட் தெரு கிரவுன், புரசைவாக்கம் குளோப் இரண்டும் அவருடையவைதான்.

அந்தக் காலத்து ஊமைப் படக் கொட்டகை இன்றைய தியேட்டர் போல அமைதியாக இருந்திருக்காது. புரொஜெக்டர் ஒன்றுதான், ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்டும்வரை ஜனம் சும்மா உட்காருமா? அந்த இடைவெளியில் மேடையில் நடனம், குஸ்தி என்று ஏதாவது நடக்கும். திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓர் ஆள் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்வார், சண்டை வந்தால் அவர் குரலும் ஏறும். எட்டி போலோ என்ற நடிகரின், பாகம் பாகமாக வந்த அமெரிக்க சீரியல் படங்களுக்கு நம் ஊரில் அப்படி ஒரு மவுசு. ஒரே படத்தை வேறு வேறு கொட்டகையில் பார்த்தால் கதை சொல்கிறவரைப் பொறுத்து அது வேறு படமாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1931-ல் படம் தமிழ் பேச ஆரம்பித்தது, கொஞ்ச காலத்தில் அந்த ஆட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர்கள் பெயர்கள்கூட நம்மிடம் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கெயிட்டி பேசும்படக் காலத்தையும் தாண்டிப் பல தலைமுறைக்குப் படம் காட்டியது. கடைசியில் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வணிகக் கட்டடம்.

1913-ல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது. சினிமாவுக்காக யாரும் காப்பாற்றவில்லை, தபால் துறை வாங்கியதால் பிழைத்தது. கெயிட்டிக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. கட்டடம் போனது போகட்டும், ஒரு கல்லாவது வைக்கலாமே: வெங்கையா பெயர், 1914, அவ்வளவு போதும். மாநகராட்சிக்குப் பெரிய செலவா அது?